பொதுப்பாதை என்று நான் எழுதிய மனு

அந்தத் தையற்கடைப் பெண்ணின் போட்டோ பேப்பரில் வந்த அன்று, என் வழக்குக்கு இருபத்தேழாவது வாய்தா.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கம் அப்பா வாங்கிப் போட்ட அரை ஏக்கரில் நான் சின்னதாக ஒரு பட்டறை நடத்திவந்தேன். முயல், வாத்து, பிள்ளையார், ஊதுவத்தி செருகும் தட்டு என்று சிறு உருப்படிகள். நாலு பெண்கள் வேலைக்கு வருவார்கள். கணவர் ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டு. பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். அதனால் கோர்ட்டுக்கு அலைவது என் பொறுப்பாயிற்று.

வழக்கு ஒரு பாதைக்காக. மெயின் ரோட்டிலிருந்து என் பட்டறைக்கு வரும் பன்னிரண்டடிப் பாதை அப்பாவின் கிரயப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. பக்கத்தில் ஃபியூஸ் கட்டை செய்யும் பட்டறைக்காரர் அதன் குறுக்கே ஒருநாள் சுவர் எழுப்பினார். கேட்டதற்கு, பட்டா தன் பெயரில் இருப்பதாகச் சொன்னார். மினி லாரி உள்ளே வர வழியில்லாமல் போனது. சுட்டெடுத்த பொம்மைகளைப் பெண்கள் தலையில் வைத்து அடுத்தவர் கொல்லை வரப்பு வழியாக ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து கூடையோடு உடையும்.

முன்சீப் கோர்ட்டில் பிராது போட்டு ஆறாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. ஜட்ஜ் மாறுதலாகிப் போவார், புதியவர் வர மாதங்கள் ஆகும். வந்தவர் வழக்குக் கட்டைப் படித்து முடிப்பதற்குள் கோடை விடுமுறை. சில நாள் வக்கீல்கள் புறக்கணிப்பு, சில நாள் எதிர்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். இடத்தை அளந்துபார்க்க நியமித்த கமிஷனர் அறிக்கை தரவே ஒன்றரை வருடம் ஆயிற்று. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. காலையில் கூப்பிடும் பட்டியலைப் பார்த்தால் தெரியும். ஒரே ஜட்ஜ், சுவரில் ஒட்டிய பட்டியலோ தரையைத் தொடும்.

கோர்ட்டு வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. அதில்தான் அவள் எனக்குப் பழக்கமானாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். மங்கலம்பேட்டையில் தையற்கடை வைத்திருந்தாள். கணவர் குவைத்தில். வாடகைக்கு விட்ட மாமனார் வீட்டின் முன்பகுதியைக் குடியிருப்பவர் காலி செய்யமாட்டேன் என்றதால் அவளும் வாய்தாவுக்கு வந்துகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வாய்தா விழுந்தால் சந்தோஷமாக இருக்கும். அவள் டிபன் டப்பாவில் எனக்கும் சேர்த்து ஏதாவது வைத்திருப்பாள். நான் அவளுடைய மகளுக்கு ஒரு முயல் பொம்மை கொடுத்தேன். நாலு வருடம் அப்படிப் போயிற்று.

அன்றைக்கு அவள் வரும்போது டீக்கடைக்காரர் பேப்பரை மடித்து அவளிடம் கொடுத்து, "உங்க போட்டோ வந்திருக்குதும்மா" என்றார். முக்காடு போட்டு, ஒரு பள்ளத்தின் ஓரம் அவள் நிற்கும் படம். பஸ்ஸில் வந்துபோகும்போது வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தை ஒட்டி, களிமண் எடுத்துவிட்டுப் போட்ட பள்ளம் மழைத்தண்ணீர் நிறைந்து கிடப்பதை அவள் பார்த்திருக்கிறாள். ஒருநாள் பஸ் நின்றபோது, ஒரு சிறுமி அதில் சறுக்கி விழுந்ததையும் ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி சேலையை வீசி இழுத்துப் போட்டதையும் கண்ணால் கண்டிருக்கிறாள். வீட்டுக்குப் போய் ஹைகோர்ட் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினாள். தமிழில், நோட்டுத் தாளில், இரண்டு பக்கம். அதையே பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டு, பள்ளத்துக்கு வேலி போடவேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. கடிதம் போட்டதிலிருந்து வேலி போட்டு முடியும் வரை மூன்று மாதம்.

"ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றேன்.

"என்னாக்கா சொல்றது. லெட்டர் போட்டா யாரு படிக்கப்போறாங்கன்னு நெனச்சேன். படிச்சுட்டாங்க."

மூன்று மாதம் என்ற சொல் எனக்குள் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. என் கட்டு ஒரு சாண் உயரம். அவளுடையது இரண்டு பக்கம். என் பெயரை டவாலி கூப்பிட்டபோது நான் காதில் வாங்கவில்லை. வக்கீலின் குமாஸ்தா ஓடிவந்து என் கையைத் தட்டினார். உள்ளே போனேன். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி என்றார்கள். திரும்பி வந்தபோது இரண்டு வக்கீல்கள் அவளோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். ஆறு வருடத்தில் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கும் என் கண்ணே மாறிப்போனது. காலில் புதுச் செருப்பு போட்டிருந்தால் அது கண்ணில் படும். அவள் சிரித்தால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று திரும்பிப் பார்ப்பேன். அவள் பிரியாணி கொடுத்தால், வயிறு சரியில்லை என்று டப்பாவைத் திருப்பிக் கொடுப்பேன். பட்டறையில் களிமண் பிசையும்போதும் அவள் நினைப்புதான். பள்ளத்துக்கு வேலி போட்டதும் அந்தப் பக்கத்து மண் வருவது நின்று, நாங்கள் வேறிடத்தில் வாங்கவேண்டி வந்தது. அதைப் பெரிய கஷ்டமாக எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் ஒரு வாரம்கூட வேலை தடைப்படவில்லை.

ஒருநாள் குமாஸ்தாவிடம், "சும்மா ஒருத்தங்க இப்படிப் பண்ணுவாங்களா? அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்துல அவங்களுக்கு மனை இருக்குமாயிருக்கும்" என்றேன்.

அவர், "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டார். அந்த "அப்படியா" அடுத்த வாய்தாவுக்குள் கோர்ட்டு முழுக்கச் சுற்றிவந்துவிட்டது. டீக்கடையில் யாரோ என்னிடமே வந்து அதைச் சொன்னார்கள். நான் முதல்முறை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டேன்.

ஆனாலும் மனம் அதோடு ஆறவில்லை. அவளால் முடிந்தது எனக்கு ஏன் முடியாது என்று தோன்றத் தொடங்கியது. ஒரு வாய்தா நாளில் அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, கடிதத்தை எப்படி ஆரம்பித்தாள், என்னென்ன எழுதினாள் என்று கேட்டேன். அவள் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். விலாசத்தை என் பையிலிருந்த பில் புத்தகத்தின் பின்னால் அவளே எழுதிக்கொடுத்தாள்.

"எதுக்குக்கா?"

"எங்க பாதைதான். அதுல பொதுசனமும் போறாங்க. அடைச்சுட்டதால எல்லாருக்கும் கஷ்டம்."

"ஸ்கூலு புள்ளைங்களும் போவுதாக்கா?"

"போவுது," என்றேன்.

"அப்ப கண்டிப்பா எழுதுங்க. புள்ளைங்கன்னா கேப்பாங்க."

அந்தப் பாதையில் என் மகளைத் தவிர வேறு பிள்ளை எதுவும் நடந்ததில்லை. அவளும் அப்போது காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கடிதம் எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. காலங்காலமாக ஊர் மக்கள் பயன்படுத்திவந்த பொதுப்பாதை, பள்ளிக் குழந்தைகள் புதர் வழியே போகிறார்கள், பாம்பு பயம், கர்ப்பிணிகளுக்கு ஆட்டோ வர வழியில்லை என்று எழுதினேன். எழுத எழுத எனக்கே அழுகை வந்தது. இல்லாத அந்தக் குழந்தைகள் புதருக்குள் நடந்துபோவது கண்ணுக்குத் தெரிந்தது. முன்சீப் கோர்ட்டில் வழக்கு இருப்பதை எழுதவில்லை. பட்டறைப் பெண்கள் நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். அவர்களில் மூத்தவள் மட்டும், "இது நம்ம பாதன்னுதானே கேஸு போட்டீங்க?" என்று கேட்டாள். "ரெண்டும் ஒண்ணுதான், போடு" என்றேன். போட்டாள்.

கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, கணவர் டியூட்டி முடிந்து வந்ததும் நகலைக் காட்டினேன். படித்துவிட்டு, "வக்கீலக் கேட்டியா?" என்றார்.

"அவரக் கேட்டுத்தான் ஆறு வருஷமாச்சு."

"கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதத்தில் ஹைகோர்ட்டிலிருந்து தபால் வந்தது. கடிதம் மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது, எண் கொடுக்கப்பட்டது, அதிகாரிகளிடம் அறிக்கை கேட்கப்பட்டுள்ளது. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். அடுத்த வாய்தாவுக்கு அதை எடுத்துக்கொண்டு போய் முதலில் அவளிடம்தான் காட்டினேன். அவள் முகம் சுருங்குகிறதா என்று பார்த்தேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "சொன்னேன்ல? சொன்னேன்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அறிக்கைக்காக ஒரு வருவாய் அதிகாரி பட்டறைக்கு வந்தார். உதவியாளரோடு வரப்பில் நடந்து, சுவரைச் சுற்றிப் பார்த்தார். பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று கேட்டார். கையைக் காட்டினேன். அது ரோட்டுக்கு அந்தப் பக்கம். இந்தப் பாதை என் பட்டறைக்கு வந்து முடிகிறது, அதற்கு அப்பால் எதுவும் இல்லை.

"புள்ளைங்க இங்க எங்கம்மா வராங்க?" என்றார்.

அவர் பக்கத்துப் பட்டறைக்குப் போனார். அங்கே அவருக்கு எங்கள் வழக்கின் எண்ணையே எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

விசாரணைக்கு நான் நேரில் வரவேண்டும் என்று தபால் வந்தது. விடியற்காலை பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனேன். அந்தச் சிவப்புக் கட்டடத்தில் எந்தப் படி எங்கே போகிறது என்று தெரியாமல் பலரிடம் விசாரித்து, அறையைக் கண்டுபிடித்தபோது கால் வலித்தது. இரண்டு நீதிபதிகள். சட்ட உதவியில் எனக்கென்று ஒதுக்கிய இளம் வக்கீல் அப்போதுதான் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். என் எண்ணைக் கூப்பிட்டதும் அரசு வக்கீல் அறிக்கையை நீட்டினார். பெரிய நீதிபதி படித்துவிட்டு என்னை முன்னால் வரச்சொன்னார். தமிழிலேயே பேசினார்.

"உங்களுக்கும் சுவர் கட்டினவருக்கும் சிவில் கேஸ் இருக்கா?"

"இருக்குங்கய்யா."

"அதுல என்ன கேட்டிருக்கீங்க?"

"பாதை எங்களுதுன்னு."

"யாருது? ஊருதா, உங்களுதா?"

"எங்களுதுங்கய்யா."

"இதுல ஊருதுன்னு எழுதியிருக்கீங்க. கேஸ் இருக்கறத ஏன் எழுதல?"

"ஆறு வருஷமா முடியலைங்கய்யா. இங்க சீக்கிரம் முடியும்னு சொன்னாங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க காத்திருக்கறது எங்களுக்குத் தெரியுதும்மா. திரும்பிப் பாருங்க. உங்களுக்குப் பின்னால நிக்கறவங்களும் காத்திருக்கறவங்கதான். உங்க மனுவ எடுத்ததால இவங்கள்ல யாரோ ஒருத்தர் இன்னிக்குத் திரும்பிப் போவணும்."

திரும்பிப் பார்த்தேன். கதவு வரை ஆட்கள். மடியில் ஃபைலோடு ஒரு பெரியவர் சுவரோரம் குந்தியிருந்தார். மனு தள்ளுபடி. சொந்தச் சண்டைக்குப் பொதுநல வழக்கைப் பயன்படுத்தியதற்காகச் சட்ட உதவி நிதிக்குப் பணம் கட்டும்படி உத்தரவு. மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றேன். அப்போதும் என் மனதில் வந்தது, அவளை இப்படிக் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள் என்பதுதான்.

ஊரில் அதைவிடப் பெரிய அடி காத்திருந்தது. அடுத்த வாய்தாவில் எதிர்தரப்பு வக்கீல் ஹைகோர்ட் உத்தரவின் நகலோடு என் கடிதத்தின் நகலையும் தாக்கல் செய்தார். வாதியே இது பொதுப்பாதை என்று கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறார், பிறகு எப்படித் தனக்கு மட்டும் சொந்தம் என்கிறார் என்றார். என் வக்கீல் நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். அன்று வராந்தாவுக்கு வந்து என் வழக்குக் கட்டைப் பெஞ்சின்மேல் போட்டார்.

"பத்திரம் உங்க பக்கம் இருந்துச்சும்மா. கமிஷனர் ரிப்போர்ட்டு உங்க பக்கம். இன்னும் நாலஞ்சு மாசத்துல தீர்ப்பு வாங்கியிருப்பேன். உங்க கையெழுத்த எதுத்து நான் என்னன்னு வாதாடறது?"

அவள் அப்போது பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தாள். வக்கீல் போனதும் என் பக்கம் நகர்ந்து வந்தாள். அவள் காதில் பாதிதான் விழுந்திருக்கவேண்டும். தன் கதையைச் சொன்னாள். இன்னொரு ஊரிலும் அதேபோலப் பள்ளம் இருக்கிறதாம். அதற்கும் எழுதினாளாம். இந்த முறை, சொந்த லாபம் எதுவும் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கேட்டுத் தபால் வந்திருக்கிறது. விசாரிக்க வந்த அதிகாரி அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டாராம்.

"பள்ளத்துக்கிட்ட உங்களுக்கு மனை இருக்குதாமேன்னு கேக்கறாருக்கா. எங்களுக்கு எங்க மனை. யாரோ ஒரு அம்மா சொந்தக் கேஸ மறைச்சு மனு போட்டு, இவங்களல்லாம் ஹைகோர்ட்டுல பதில் சொல்லவச்சுட்டாங்களாம். அதனால இப்ப யாரு எழுதினாலும் சந்தேகமாத்தான் பாப்போம்னு சொல்றாரு."

சொல்லாமலே இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரிய வாய்ப்பிருந்ததோ இல்லையோ, அன்று நான் ரொம்பச் சோர்ந்திருந்தேன்.

"அந்த அம்மா நான்தான்," என்றேன். "மனை இருக்குதுன்னு சொன்னதும் நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். "ஏங்க்கா?"

"உன்மேல பொறாமையா இருந்துச்சு."

"என்மேலயா?" என்றாள். பிறகு, "என் கேஸு உங்களுதவிட ரெண்டு வருஷம் பழசுக்கா," என்றாள்.

அது எனக்குத் தெரியும். முதல் நாளே சொல்லியிருக்கிறாள். வேலி போடவைத்தவளால் தன் வீட்டு முன்பகுதியைக் காலிசெய்யவைக்க முடியவில்லை என்பது ஒருநாளும் என் கணக்கில் வரவில்லை. அதையே ஒரு கடிதமாக எழுதி அனுப்ப அவளுக்கும் வழி இருந்தது. அவள் எழுதவில்லை. அது தன் வீட்டுச் சண்டை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த மூன்று வாய்தாவும் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஜீவனாம்ச வழக்குக்கு வரும் பெண்ணாடத்துப் பெண் ஒருத்தியோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். கரும்பு வெட்டுக் கூலிக்குப் போகிறவள் அவள். இருவரும் டப்பா மூடியில் பங்கு போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போது அந்தப் பெண்ணாடத்துக்காரிமேல் எனக்குப் பொறாமை.

தையற்கடைப் பெண் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். அந்த இரண்டாவது பள்ளத்துக்கு வேலி வர ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. அதற்குள் அங்கே அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் நான் அந்த ஊர்ப் பக்கத்துச் செய்தியைப் பேப்பரில் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது யாருக்கும் தெரியாது.

என் வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்குப் போனது. பன்னிரண்டு அடியில் ஏழு அடி எனக்கு, மீதி அவருக்கு. ஆட்டோ வரும், மினி லாரி வராது. வக்கீல் இதற்கே சம்மதித்துவிடுங்கள் என்றார். பக்கத்துப் பட்டறைக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "முன்னாலயே உக்காந்து பேசியிருக்கலாம்," என்றார். முன்னால் நான் பேசப்போனபோது கேட்டைச் சாத்தியவர் அவர்தான். அதைச் சொல்லிக்காட்டும் தகுதி எனக்கும் இல்லை, கையெழுத்தைப் போட்டேன்.

அன்று வெளியே வந்தபோது அவள் அந்த மர பெஞ்சில் தனியாக இருந்தாள். கொஞ்சம் தயங்கிப் போய் நின்றேன்.

"எங்க கேஸு முடிஞ்சுடுச்சு."

"முடிஞ்சுடுச்சா?"

"ஏழு அடி."

"இனிமே வரவேண்டாமா?"

"வேண்டாம்."

"முடிஞ்சே போச்சா," என்று மறுபடியும் கேட்டாள். என் கையிலிருந்த சமரச நகலை வாங்கிப் பார்த்தாள். படிக்கவில்லை. முத்திரை விழுந்த இடத்தை விரலால் தடவினாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கண் மட்டும் தாளைவிட்டு நகரவில்லை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. ஒரு நொடி, அரை நொடி, எனக்குள் ஏதோ குளிர்ந்தது. அதற்காக என்னையே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

தாளைத் திருப்பிக் கொடுத்து, "நல்லதாப் போச்சுக்கா. போயிட்டு வாங்க," என்றாள்.

நான் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாளா, கால் மாற்றி உட்கார்ந்தாளா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. மூன்று மணிக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்விட்டு உடனே திரும்பி வந்தாள். குடியிருப்பவர் தரப்பில் அவகாசம் கேட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் போட்டிருக்கிறார்கள் என்றாள். அவளோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். மங்கலம்பேட்டை பஸ் புறப்பட நின்றது. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்ததும் அவள் பையிலிருந்து தையல் அளவு நோட்டை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு அதையே பார்க்கத் தொடங்கினாள். பஸ் திரும்பும் வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.